ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப் கால்லதான் பேசினோம், இப்ப நான் சொல்லவே இல்லங்கறார்… என்ன பண்றது வக்கீல் மேடம்?

திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு அக்கா நீளமா எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, கம்பெனி பேரு எல்லாத்தையும் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன். 51 வயசு, 14 மெஷின் போட்டு பவர்டேபிள் யூனிட் நடத்துறாங்க. ஜாப் ஒர்க்தான், கட் பண்ணின துணி வரும், தச்சு செக்கிங் முடிச்சு அனுப்பணும். வேற ஊர் வியாபாரி ஒருத்தருக்கு பிப்ரவரியில 9,600 குழந்தைங்க டி-ஷர்ட், பீசுக்கு 22 ரூபா, மொத்தம் 2,11,200. அட்வான்ஸ் 40,000 பேங்க்ல வந்திருச்சு. அவரு ஆபீஸ்ல இருந்து மெயில்ல வந்த மெஷர்மெண்ட் ஷீட்ல கழுத்து ரிப் (கழுத்தைச் சுத்தி வர்ற பட்டை) 2 சென்டிமீட்டர்னு இருந்திருக்கு. அப்புறம் அவரே வாட்ஸ்அப் கால்ல கூப்பிட்டு ஒன்றரையா போட்டுருங்கக்கான்னு சொல்லி, அதையே ஒரு வாய்ஸ் மெசேஜாவும் போட்டிருக்கார். மார்ச் 4ஆம் தேதி சரக்கு போயிருச்சு. மார்ச் 27 அன்னைக்கு மறுபடி வாட்ஸ்அப் கால், "ரிப் அளவு தப்பு, பாக்கி 1,71,200 தர முடியாது, ஒன்றரைன்னு நான் எங்க சொன்னேன்?" அந்த சாட்ல 7 நாள்ல மெசேஜ் தானா மறையற மாதிரி அவரு செட் பண்ணி வச்சிருக்கார், அதனால பிப்ரவரியில பேசினது எதுவும் அந்த சாட்ல மிச்சம் இல்ல. அக்கா கேக்கறது: வாட்ஸ்அப் எல்லாம் கோர்ட்ல செல்லுமா, மெயில் மட்டும்தான் செல்லும்னு சொல்றாங்களே, வாட்ஸ்அப் கம்பெனிகிட்ட கேட்டா கால் ரெக்கார்டு தருவாங்களா, சைபர் கிரைம்ல கம்ப்ளைண்ட் கொடுக்கலாமா, ஜாப் ஒர்க் குரூப்ல அவர் பேரைப் போட்டு எல்லாரையும் எச்சரிக்கலாமா. கடைசி வரியில, டிஸ்ப்ளே போன பழைய போனை இந்த வாரம் எக்ஸ்சேஞ்ச்ல போடப் போறேன்னு சும்மா போகிற போக்குல எழுதியிருக்காங்க.

அக்கா, அந்த கடைசி வரியில இருந்தே ஆரம்பிக்கிறேன். போனைக் கொடுத்துராதீங்க. டிஸ்ப்ளே மாத்த ரெண்டாயிரம் மூவாயிரம் ஆனாலும் ஆகட்டும், ரீசெட் பண்ணாம, வாட்ஸ்அப்ப அழிச்சு மறுபடி ஏத்தாம அப்படியே மாத்தி வாங்கி பீரோவுல வைங்க. உங்க கேஸோட உயிரு அதுக்குள்ளதான் இருக்கு, ஏன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல மனசுல இருக்கற பயத்தை எடுத்துருவோம். வாட்ஸ்அப்புல பேசி முடிச்ச ஆர்டர் ஒப்பந்தம் ஆகாதுங்கறது தப்பு. இந்த மாதிரி வேலைக்கு பத்திரம் எழுதி கையெழுத்து போட்டே ஆகணும்னு 1872 ஒப்பந்தச் சட்டத்துலயே கிடையாது, வாய்ப்பேச்சே ஒப்பந்தம்தான். எலெக்ட்ரானிக் முறையில நடந்ததுங்கற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லக் கூடாதுன்னு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 10ஏ பிரிவு வேற இருக்கு. மெயிலுக்கு ஒரு சட்டம், வாட்ஸ்அப்புக்கு ஒரு சட்டம்னு எல்லாம் இல்ல. கோர்ட்ல கேக்கறது வேற கேள்வி: சொன்னாரா இல்லையா, அதுக்கு என்ன மிச்சம் இருக்கு? இந்தக் கேள்விக்குத்தான் ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்லுது, நம்ம ஆளுங்க வேகத்தை மட்டும் பாத்து எதுல வேணா பேசிடறாங்க.

வாட்ஸ்அப் கால், வீடியோ கால்

பேசறதுக்கு இதை விட சவுகரியம் கிடையாது. சாம்பிளை கேமராவுல காட்டி, இந்த தையல் சரியா அந்த தையல் சரியான்னு ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம், கோபத்துல இருக்கற ஆளை சமாதானப்படுத்தவும் குரல்தான் வேணும், டைப் பண்ணினா சண்டைதான் பெருசாகும். ஆனா கால் முடிஞ்ச அடுத்த செகண்ட் ஒண்ணும் மிச்சம் இருக்காது. 2016ல இருந்து வாட்ஸ்அப் முழுக்க ஒரு முனையில பூட்டி மறுமுனையிலதான் திறக்கற என்க்ரிப்ஷன்ல ஓடுது, பேசினது என்னன்னு கம்பெனிக்கே தெரியாது, அதனால அவங்ககிட்ட கேட்டு ரெக்கார்டு வாங்கலாம்ங்கற யோசனைய விட்டுருங்க. போய்ச் சேர்ந்த மெசேஜையும் அவங்க சர்வர்ல வச்சிருக்கறது இல்ல. உங்க கால் லிஸ்ட்ல தேதி, நேரம், எத்தனை நிமிஷம்ங்கறது மட்டும் இருக்கும். அதையும் சும்மான்னு நினைக்காதீங்க, ரிப் அளவு மாறின நாள்ல அவரே கூப்பிட்டு 6 நிமிஷம் பேசியிருக்காருன்னு காட்ட உதவும்.

வீடியோ கால்ல இன்னொரு சிக்கல் கலர். கேமராவுல நேவி ப்ளூ கருப்பாத் தெரியும், மெரூன் பிரவுனாத் தெரியும், சென்டிமீட்டர் கணக்கு தெரியவே தெரியாது. அளவு, கலர் ரெண்டுக்கும் கையில புடிக்கற அப்ரூவல் சாம்பிள்தான், அதுல கையெழுத்து, தேதி. நான் கோர்ட்டுக்கு வர ஆரம்பிச்ச காலத்துல துண்டுச்சீட்டுல, பீடிக்கட்டுக் காகிதத்துல எல்லாம் அளவு எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து போட்டுக் கொடுப்பாங்க, அப்ப பாத்து சிரிச்சிருக்கேன், இப்ப ஒரு மணி நேர வீடியோ கால் பேசிட்டு வெறும் கையோட வர்றவங்களைப் பாத்தா அந்த பீடிக்கட்டு எவ்வளவோ மேல்னு தோணுது.

போன்ல பேசறதை ரெக்கார்ட் பண்ணலாமான்னும் கேட்டிருந்தீங்க. நீங்க பேசற காலை நீங்க ரெக்கார்ட் பண்ணலாம், இந்த மாதிரி பதிவை சாட்சியமா ஏத்துக்கலாம்னு சுப்ரீம் கோர்ட் 1972லயே மல்கானி வழக்குல சொல்லிருச்சு. அடுத்தவங்க ரெண்டு பேரு பேசறதை ஒட்டுக்கேட்டு பதிவு பண்றதுதான் மாட்டிக்கற வேலை. நிறைய ஆண்ட்ராய்டு போன்ல ரெக்கார்ட் அமுக்கின உடனே "இந்த கால் பதிவு செய்யப்படுகிறது"ன்னு அந்தப் பக்கமும் சத்தமா கேக்கும், அதுக்கப்புறம் அந்த மனுஷன் தேனா பேசுவார், விஷயம் ஒண்ணும் வராது. வாட்ஸ்அப் காலுக்கு அந்த பட்டனே இல்ல.

வாய்ஸ் மெசேஜ்

இதுதான் உங்க கேஸ்ல முக்கியம், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். உங்க லெட்டர்ல நடுவுல ஒரு வரி, "அவர் போட்ட வாய்ஸை எங்க செக்கிங் பாக்கற தம்பிக்கும் அனுப்பிட்டேன், அதுபடிதான் தச்சோம்"னு. அக்கா, நீங்க எல்லாம் போச்சுன்னு அழுதுட்டு இருக்கீங்க, அந்த வாய்ஸ் இன்னும் இருக்கு. மறையற செட்டிங் அந்தந்த சாட்டுக்குத்தான். அவரோட சாட்ல 7 நாள்ல போனாலும், அந்த செட்டிங் போடாத இன்னொரு சாட்டுக்கு ஃபார்வேர்ட் ஆனது அங்கேயே கிடக்கும். இன்னைக்கே அந்தத் தம்பி போனை வாங்கிப் பாருங்க, அதையும் அழிக்காம பத்திரப்படுத்தச் சொல்லுங்க. உங்க பழைய போன்லயும் ஃபைல் மேனேஜர் போய் வாட்ஸ்அப் ஃபோல்டர், மீடியா, அதுக்குள்ள வாய்ஸ் நோட்ஸ்னு இருக்கற இடத்துல பிப்ரவரி தேதி போட்ட ஃபைல் இருக்கான்னு தேடுங்க, கிடைச்சா பெரிய லாபம்.

ஒரு குறையும் சொல்லிடறேன். ஃபார்வேர்ட் ஆன வாய்ஸ்ல முதல்ல அனுப்பினவர் பேரு வராது, "ஃபார்வேர்டட்"னு மட்டும்தான் இருக்கும். அது நான் இல்லன்னு அவர் சொல்லலாம். ஆனா குரல் அவரோடது, தடயவியல் லேப்ல ஒப்பிட்டுப் பாக்க முடியும், அனுப்பின நாளும் கால் லிஸ்ட்ல இருக்கற நாளும் ஒண்ணு, தச்ச சரக்கும் ஒன்றரைதான். ஒவ்வொண்ணா பாத்தா சின்னது, சேத்து வச்சா கனம் வந்துரும்.

வாய்ஸ் மெசேஜோட நல்லது என்னன்னா டைப் பண்ண வராதவங்களுக்கு அதுதான் வழி, நம்ம டெய்லருங்க பாதிப் பேரு அதுலதான் ஓடுறாங்க, பேச்சோட தொனியும் தெரியும். கெட்டது, ஆறு மாசம் கழிச்சு தேடினா எந்த வாய்ஸ்ல என்ன இருக்குன்னு தெரியாது, நாப்பது வாய்ஸை கேட்டுட்டு உக்காந்திருக்கணும். அதனால வாய்ஸ் வந்தா கீழயே ரெண்டு வரி டைப் பண்ணிருங்க: "ரிப் 1.5 செமீ, 9,600 பீஸ், சரிங்களா?" அவர் ஒரு "ஓகே" போட்டாலும் அது அவர் எழுதினது.

சாட்

எழுத்து மெசேஜ் தேடறதுக்கு ஈஸி, தேதி நேரம் இருக்கு. ஆனா இதுவும் கல்வெட்டு இல்ல. அனுப்பினவர் 15 நிமிஷத்துக்குள்ள திருத்தலாம், ரெண்டு நாள் சொச்சம் வரைக்கும் எல்லாருக்குமா அழிக்கலாம், மறையற செட்டிங்க 24 மணி நேரம், 7 நாள், 90 நாள்னு வைக்கலாம். அந்த செட்டிங்க அவர்தான் எடுக்கணும்னு நினைச்சிட்டு இருக்கீங்க, அப்படி இல்ல, ரெண்டு பேரு சாட்ல யார் வேணா ஆஃப் பண்ணலாம், நீங்களே பண்ணுங்க. போனது திரும்பாது, இனிமே வர்றது நிக்கும். ஒரு மெசேஜை மட்டும் "கீப்" பண்ணி வைக்கவும் வழி இருக்கு, ஆனா அனுப்பினவருக்கு தெரிஞ்சுரும், அவர் வேண்டாம்னு தட்டினா போயிரும். அவர் மெசேஜுக்கு நீங்க ரிப்ளை பண்ணும்போது மேல ஒட்டிக்கிட்டு வர்ற அவரோட பழைய வரி சில சமயம் மறையாம நிக்கும், அந்த சாட்ட ஒரு தடவை மேல இருந்து கீழ வரைக்கும் பாருங்க.

ப்ளூ டிக் விழுந்தா ஒத்துக்கிட்ட மாதிரிதானேன்னு கேட்டீங்க. இல்ல. திறந்து பாத்தாருங்கறதுக்கு மட்டும்தான் அது. 2018ல பாம்பே ஹைகோர்ட் ஒரு வழக்குல, வாட்ஸ்அப்புல பிடிஎஃப்ஆ அனுப்பின நோட்டீஸ் போய்ச் சேந்துச்சுங்கறதுக்கு ப்ளூ டிக்க எடுத்துக்கிச்சு, போய்ச் சேந்ததுக்கு மட்டும், சம்மதத்துக்கு இல்ல.

இப்ப வியாபாரிங்க சில பேரு "டெலிகிராம் வந்துருங்கக்கா, பெரிய ஃபைல் போகும்"ங்கறாங்க. ஃபைல் போறது நிஜம்தான். ஆனா அதுல ரெண்டு பேரு பேசற சாட்ல எந்த மெசேஜையும், நீங்க எழுதினதையும் சேத்து, எத்தனை மாசம் கழிச்சு வேணா அவர் ரெண்டு பக்கமும் அழிச்சிடலாம், 2019ல இருந்து அப்படித்தான், அழிச்ச தடம் கூட தெரியாது. கணக்கு வழக்கை அங்க வச்சுக்காதீங்க.

மெயில்

போய்ச் சேந்த மெயிலை அனுப்பினவரால திரும்ப எடுக்க முடியாது, ஜிமெயில்ல அதிகபட்சம் 30 செகண்ட்தான் டைம். அவர் அழிச்சாலும் உங்க பெட்டியில உங்க காப்பி இருக்கும், எங்கிருந்து எப்ப வந்ததுங்கற விவரமும் அதோடயே இருக்கும். ஆனா இதே மெயில்தான் இப்ப உங்களுக்கு எதிரா நிக்குது, ஏன்னா 2 சென்டிமீட்டர்னு எழுத்துல இருக்கறது அதுல மட்டும்தான். மாத்தினது கால்ல, மாத்தாதது மெயில்ல! அன்னைக்கே அந்த மெயிலுக்கு ரிப்ளை தட்டி "போன்ல சொன்னபடி 1.5 போடறோம்"னு ஒரு வரி போட்டிருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது. அதுக்காக எல்லாத்தையும் மெயிலுக்கு மாத்துங்கன்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊர்ல அது நடக்காது, ஓனருங்க மெயில் பாக்கறது இல்ல, ஆபீஸ் பையன் பாப்பான், பாதி ஸ்பாம்ல கிடக்கும். ரேட், அளவு, எண்ணிக்கை, டெலிவரி தேதி, அப்புறம் இதுல வர்ற மாத்தம், இவ்வளவுதான் மெயில்ல இருக்கணும். மத்த பேச்சு எங்க வேணா நடக்கட்டும்.

குரூப்

இதுல கோபப்படாம கேளுங்க. 400 பேர் இருக்கற குரூப்ல அவர் பேரு, போட்டோ போட்டு "ஏமாத்துக்காரன்"னு போட்டீங்கன்னா பாக்கி வாங்க வேண்டிய நீங்க அவதூறு வழக்குல போய் நிப்பீங்க, புது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு. உண்மையத்தானே சொல்றேம்பீங்க. உண்மைன்னு மட்டும் சொன்னா பத்தாது, பொது நன்மைக்காகச் சொன்னேன்னும் காட்டணும், அதுக்கு வருஷக்கணக்கா அலையணும். குரூப் அட்மினா இருக்கற உங்க தம்பிக்கு, அவர் எதுவும் போடாம இருந்தா பிரச்சனை இல்ல, வேற ஒருத்தர் போட்ட மெசேஜுக்கு அட்மினை மட்டும் புடிக்க முடியாதுன்னு 2021ல பாம்பே ஹைகோர்ட் நாக்பூர் கிளையும் 2022ல கேரளா ஹைகோர்ட்டும் சொல்லியிருக்கு. ராத்திரி 11 மணிக்கு அவருக்கு ஏதோ திட்டி அனுப்பிட்டு காலைல அழிச்சேன்னு எழுதியிருக்கீங்களே, அது அவர்கிட்ட ஸ்கிரீன்ஷாட்டா இருக்கும்னே வச்சுக்கோங்க. இனி வேண்டாம்.

சைபர் கிரைம், 1930 நம்பர் எல்லாம் ஆன்லைன்ல நடக்கற மோசடி, திருட்டுக்குத்தான். இது பாக்கி வசூல், சிவில் விஷயம், ஸ்டேஷன்ல போனா "கோர்ட்டுக்கு போங்கம்மா"ன்னு அனுப்பிருவாங்க.

இப்ப உங்க கையில என்ன இருக்குன்னு பாப்போம். உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சிறுதொழில் பதிவு) 2021லயே பண்ணியிருக்கீங்க, நல்ல வேளை. குறு சிறு தொழில் சட்டம் 2006ன் படி, சரக்கு போய் 15 நாளுக்குள்ள வாங்கினவர் எழுத்துல குறை சொல்லலன்னா ஏத்துக்கிட்டார்னு அர்த்தம். மார்ச் 4 போன சரக்குக்கு மார்ச் 19 வரைக்கும் டைம். அவரு குறை சொன்னதே 27ஆம் தேதி, அதுவும் வாட்ஸ்அப் கால்ல, எழுத்துல ஒண்ணும் இல்ல. பாத்தீங்களா, தடம் வேண்டாம்னு அவர் தேடிப் புடிச்ச அதே வழி அவர் காலையே வாரிருச்சு. பணம் எப்ப தரணும்னு எழுத்துல பேசிக்கலன்னா 15 நாள், பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினா ரிசர்வ் பேங்க் சொல்ற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு வட்டி, மாசா மாசம் கூட்டு வட்டி. மாவட்ட தொழில் மையத்துல கேளுங்க, இதுக்குன்னு இருக்கற கவுன்சில்ல ஆன்லைன்லயே மனு போடற வழி சொல்லுவாங்க, எடுத்த உடனே சிவில் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்ல. கோர்ட்டுக்கே போனாலும் வேலை முடிஞ்சதுல இருந்து மூணு வருஷம் டைம் இருக்கு.

ஸ்கிரீன்ஷாட் 60 எடுத்து பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன்னு சொன்னீங்க. அது எங்களுக்கு படிக்க உதவும், தனியா செல்லாது. 2024 ஜூலை 1ல இருந்து புது சாட்சியச் சட்டம், பாரதிய சாக்ஷிய அதிநியம், அதுல 63வது பிரிவு, அதோட ஒரு சர்டிபிகேட் கேக்குது, ஒரு பாகம் நீங்க கையெழுத்து போடறது, இன்னொரு பாகம் ஒரு நிபுணர் போடறது, ஃபைலோட ஹாஷ்னு ஒரு நம்பரும் குறிக்கணும், அப்பத்தான் நடுவுல யாரும் கை வைக்கலன்னு தெரியும். ஒரிஜினல் போனையே கொண்டு வந்து அதோட சொந்தக்காரர் கூண்டுல ஏறி இது என் போன்தான்னு சொன்னா இந்த சர்டிபிகேட் தேவையில்லன்னு பழைய சாட்சியச் சட்டம் இருந்தப்பவே 2020ல சுப்ரீம் கோர்ட் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்குல சொல்லியிருக்கு. இப்பப் புரியுதுங்களா எக்ஸ்சேஞ்ச் வேண்டாம்னு ஏன் கத்தினேன்னு.

உங்க பொண்ணு அந்த வியாபாரியோட இன்ஸ்டாகிராம் பக்கத்துல இதே டி-ஷர்ட் விக்கறதைப் பாத்தாளாம், அதை கடைசியில எழுதியிருக்கீங்க, அதுதான் முதல்ல எழுதியிருக்க வேண்டியது. தப்பா தச்ச சரக்கை எதுக்கு விக்கறார்? ஸ்டோரின்னா 24 மணி நேரத்துல போயிரும், ரீல்ஸ், போஸ்ட்டுன்னா அவர் அழிக்கற வரைக்கும் இருக்கும். பக்கத்தோட பேரு, லிங்க், தேதி தெரியற மாதிரி ஸ்கிரீன் ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க. கமெண்ட் போட வேண்டாம், போட்டா அரை மணி நேரத்துல பிளாக் பண்ணிருவார்.

இதோட டிசி (டெலிவரி சலான்) புக்கு, அவங்க டிரைவர் கையெழுத்து போட்ட காப்பி, ஜிஎஸ்டி பில், 40,000 வந்த பேங்க் ஸ்டேட்மெண்ட், இதெல்லாம் ஒரே கவர்ல போடுங்க. நோட்டீஸ் ஸ்பீடு போஸ்ட்லயும் போகட்டும், மெயில்லயும் வாட்ஸ்அப்புலயும் பிடிஎஃப்ஆ போகட்டும்.

போன வாரம் அவர் மறுபடி "அக்கா பழசை அப்புறம் பேசிக்கலாம், 5,000 பீஸ் இருக்கு, பண்றீங்களா"ன்னு வாய்ஸ் போட்டிருக்காராமே. தையல் சரியில்லாத யூனிட்டுக்கு எவனாவது புது ஆர்டர் கொடுப்பானா? 7 நாள் முடியறதுக்குள்ள அந்த வாய்ஸை இன்னொரு சாட்டுக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்க, செட்டிங்க ஆஃப் பண்ணுங்க, அப்புறம் கால் பண்ணாம, வாய்ஸ் போடாம, அந்த வாய்ஸுக்கே ரிப்ளையா இதை டைப் பண்ணி அனுப்புங்க, மெயில்லயும் ஒரு காப்பி:

"அண்ணா வணக்கம். புது ஆர்டர் பத்தி சொன்னதுக்கு நன்றி. பிப்ரவரி ஆர்டர் 9,600 பீஸ், நீங்க சொன்னபடி ரிப் 1.5 செமீ போட்டு மார்ச் 4 அன்னைக்கு டிசியோட அனுப்பியாச்சு. மொத்தம் 2,11,200, வந்தது 40,000, பாக்கி 1,71,200. பாக்கி எந்தத் தேதியில வரும்னு எழுதி அனுப்புங்க, அதுக்கப்புறம் 5,000 பீஸுக்கு மெஷர்மெண்ட் ஷீட்டும் அட்வான்ஸும் வந்தா மெஷின்ல ஏத்திடறேன்."

இதைப் பாத்ததும் அவர் உடனே கால் பண்ணுவார். எடுங்க, மரியாதையா பேசுங்க, வச்ச உடனே என்ன பேசினீங்கன்னு ரெண்டு வரி டைப் பண்ணி அவருக்கே அனுப்பிருங்க.